நாலாம் கட்டிலுக்குச் சிவப்பு

அம்மா பிழைத்துக்கொண்டாள். மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சென்ற வாரம், குழாய் ரிப்பேர்க்காரரோடு வாக்குவாதம் முற்றிய கட்டத்தில் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்ததையும், அப்பா அவளை டாக்ஸியில் ஏற்றியதையும் சொல்லி நிறுத்தியிருந்தேன். "அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க வீட்டுக்கு இனிமே பத்திரிகை வராது" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். கையெழுத்தைப் பார்த்தாலே சொன்னதைச் செய்பவர் என்று தெரிந்தது. கவலை வேண்டாம் அம்மணி. டாக்ஸி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, சுற்று வழியில் வந்ததற்காக அம்மா டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் அன்று காலை பொறுப்பு நர்ஸ் மகள்தான். பதினோரு வருஷமாக அதே வேலை. ரத்தம், எலும்பு, அலறல் எதற்கும் அசராதவள். சக்கர நாற்காலியில் தன் அம்மா வருவதைப் பார்த்ததும் மட்டும், கையிலிருந்த மருந்துத் தட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோயாளியின் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

"எதுக்குடி ஓடி வர்றே? ஈரத் தரை. நீ விழுந்தா உன்னை யார் பார்க்கறது?" என்றாள் அம்மா.

இ.சி.ஜி. ஒழுங்காக இருந்தது. ரத்தப் பரிசோதனை உடனே ஒன்று, மூன்று மணி நேரம் கழித்து இன்னொன்று. இரண்டும் சரியாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார் டியூட்டி டாக்டர். அதுவரை நாலாம் நம்பர் கட்டில்.

"மூணு மணி நேரமா? குக்கர் அடுப்புல இருக்கு."

"அணைச்சிட்டேன்," என்றார் அப்பா.

"எத்தனை விசிலுக்கு அப்புறம்?"

"உனக்கு மூச்சு வருதான்னு பார்த்தேன். விசிலை எண்ணலை."

"அப்ப வேகலை," என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுக்குள் அவர் தலை நுழைந்து வெளியே வந்திருக்கிறது. "ஏத்த இறக்கம் நெறைய பார்த்தவன் நான்" என்பது அவருடைய நிரந்தரச் சிரிப்பு வசனம். இ.சி.ஜி. எடுத்தவரிடம் சொன்னார். ரத்தம் எடுக்க வந்தவரிடம் சொன்னார். தரை துடைத்தவரிடமும் சொன்னார். அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை என்று குடும்பமே நம்பியிருந்தது.

மாப்பிள்ளைக்கு அதே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. மூன்று மாடி இறங்கி, மூச்சிரைக்க வந்து கட்டிலருகே நின்றார்.

"அத்தை, எப்படி இருக்கீங்க?"

அவர் வாயை மூடுவதற்குள் பின்னாலிருந்து வார்டு உதவியாளர் பெரியக்கா சத்தமாகச் சொன்னார்: "சார், அத்தை காலையிலேர்ந்து மக்கர் பண்ணுது. முதுகுல ரெண்டு தட்டு தட்டினாத்தான் வாயே தொறக்குது."

அம்மா கண்ணைத் திறந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை வெளிறிப்போனார்.

"உங்களை இல்ல அத்தை! அந்த டேப்லெட்டை. அதுக்கு இங்க எல்லாரும் வெச்ச பேர் அது."

பெரியக்கா கையில் ஒரு டேப்லெட், நீலக் கைப்பிடி போட்டது. இரண்டு வாரம் முன்பு மாப்பிள்ளையின் பிரிவுதான் அதைக் கொண்டுவந்து வைத்திருந்தது. அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் அது ஒன்பது கேள்வி கேட்கும். சொல்கிற பதிலை மட்டுமல்ல, எவ்வளவு தயங்குகிறார்கள், குரல் எங்கே இறங்குகிறது என்பதையும் கவனிக்கும். உடம்பு வலி என்று வருகிறவரின் மனசில் வேறு ஏதாவது இருந்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டிக்கொடுக்கும். நல்லாத் தூங்குறீங்களா, பசிக்குதா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க என்று ஒரு அத்தையைத் தவிர வேறு யார் இப்படித் துருவுவார்கள்? முதல் நாளே பெயர் நிலைத்துவிட்டது.

"அது வியாதியைச் சொல்லாதுங்க மாமா," என்று மாப்பிள்ளை அப்பாவுக்கு விளக்கினார். "இவரைக் கொஞ்சம் கவனிங்கன்னு டாக்டரைத் தட்டி எழுப்பும். அவ்வளவுதான். கூட்டத்துல நாம தவற விடறதை இது பிடிச்சிடும்."

"நேத்து பல் வலிக்காரர் ஒருத்தருக்குச் சிவப்பு காட்டுச்சு," என்றாள் நர்ஸ். "அவர் பேசாததுக்குக் காரணம் வாயில பஞ்சு."

"அது ஒரு கேஸ்தானே."

"திங்கட்கிழமை பெரியக்கா பாடின சோகப் பாட்டுக்கு மஞ்சள்."

"அவங்க பாடினதை நீ கேட்டியா? மஞ்சள் ரொம்பக் கம்மி."

புருஷன் பெண்டாட்டிக்குள் இந்தச் சண்டை இரண்டு வாரமாக, அவர்கள் குடியிருக்கும் அம்மா வீட்டு மாடியிலும் நடந்துகொண்டிருந்தது. கருவி வேண்டுமா வேண்டாமா என்று ஆஸ்பத்திரி இந்த வாரக் கடைசியில் முடிவெடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், எனக்கெதற்கு இந்தக் கருவி என்பது நர்ஸின் கட்சி.

அம்மா இரண்டு கட்சியிலும் இல்லை. "என் வயித்தெரிச்சலைக் கேக்க மனுஷங்களே இருக்காங்க. அதை எடுத்துட்டுப் போங்க."

"நெஞ்சு வலின்னு வந்த எல்லாருக்கும் கேக்கணும்மா. இது முடியாம வீட்டுக்கு விடமாட்டாங்க," என்றாள் மகள். அதற்குள் எக்ஸ்ரேக்கு ஆள் வந்தது. அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசலில் ஒரு விபத்து வண்டி வந்து நின்றது. மகள் அங்கே ஓடினாள். மாப்பிள்ளைக்கு மேலேயிருந்து போன் வந்தது. பெரியக்கா டேப்லெட்டை அப்பாவின் மடியில் வைத்து, "அம்மா வந்ததும் கொடுத்திடுங்க" என்று போய்விட்டார்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் அம்மாவுக்காக எத்தனை ஃபாரம் நிரப்பியிருக்கிறார்! இதையும் முடித்துவிட்டால் அவள் கத்த வேண்டியிருக்காது. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். விரலால் தொட்டார்.

"வணக்கம். நீங்கள் நான்காம் கட்டிலில் இருப்பவரா?" என்றது அது, இதமான பெண் குரலில்.

"ஆமாம்மா. நான்தான் நாலாம் கட்டில்," என்றார் அப்பா.

அவர் மேற்கொண்டு என்ன சொன்னார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. "பெரியவர் முதல்ல சிரிச்சுச் சிரிச்சுத்தான் பேசினார். அப்புறம் குரல் சின்னதாயிடுச்சு" என்று, மூன்றாம் கட்டிலில் கால் முறிந்து படுத்திருந்த பேக்கரிக்காரர் பின்னால் சொன்னார். பேசி முடித்ததும் அப்பா டேப்லெட்டைத் தலையணைமேல் வைத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நர்ஸ் மேசைக்கு மேலேயிருந்த பெரிய திரையில் ஒரு கட்டம் சிவந்தது. கட்டில் நாலு.

சிவப்பு வந்தால் செய்ய வேண்டியது எழுதி ஒட்டியிருக்கிறது. நோயாளியைத் தனியாக விடக்கூடாது. கூர்மையான எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. மனநல டாக்டரைக் கூப்பிட வேண்டும். பெரியக்கா எழுதியிருப்பதை எழுத்து மாறாமல் செய்பவர்.

எக்ஸ்ரேயிலிருந்து அம்மா திரும்பியபோது கட்டிலருகே ஒரு நாற்காலியும், நாற்காலியில் பெரியக்காவும் இருந்தார்கள்.

"அம்மா, அந்தக் கொண்டை ஊசியைக் கொஞ்சம் கொடுங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். கைப்பையில நகவெட்டி இருக்கா? கண்ணாடி? அந்தத் தைலம் கண்ணாடி பாட்டிலா?"

"ஏன், உங்களுக்குத் தலைவலியா?"

பெரியக்கா பரிவோடு பார்த்தார். அம்மாவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. கழிவறைக்கு எழுந்தாள். பெரியக்காவும் எழுந்தார். கதவைச் சாத்தப் போனாள். பெரியக்கா ஒரு காலை நடுவே வைத்தார்.

"தாழ்ப்பாள் போட வேணாம்மா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"என் கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இத்தனை காவல் இல்ல!" என்ற அம்மாவின் குரல் வாசல் செக்யூரிட்டி வரை கேட்டது.

மனநல டாக்டர் வந்தார். இளம் பெண். பூ விழுந்தால்கூட நோகாத குரல். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எல்லாம் சரியா இருக்காம்மா?"

"எது சரியா இருக்கு? குழாய் ஒழுகுது. வந்தவன் வாஷரை மாத்தினேன்னு பழசையே திருப்பிப் போட்டிருக்கான்."

"நான் மனசைக் கேட்டேன்."

"மனசு ஒழுகலை."

"யாருக்கும் நாம தேவைப்படலைன்னு எப்பவாவது தோணியிருக்கா?"

"எனக்கா? நான் ஒரு நாள் படுத்தா அந்த வீட்டுல துண்டு எங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. தேவைப்படாம கொஞ்ச நாள் இருந்தாத் தேவலைன்னு தோணும்."

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். எதிரே இருக்கும் அம்மாளுக்கும் கையில் இருக்கும் சிவப்புக்கும் எந்த இடத்திலும் ஒட்டவில்லை. திரைக்கு வெளியே வந்து நர்ஸிடம், "உங்கம்மா பேசினதைப் படிச்சுப் பார்த்துட்டேன். நீங்களும் ஒரு தடவை பாருங்க," என்று டேப்லெட்டை நீட்டினார்.

விபத்து வண்டியிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த நர்ஸ் அதை அவசரமாக வாங்கினாள். அம்மாவுக்குச் சிவப்பா? ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இருந்துகொண்டு இது தெரியாமலா போயிற்று? மாப்பிள்ளையும் இறங்கி வந்து அவள் தோளுக்கு மேலாகப் படித்தார்.

தூக்கம் எப்படி என்று கேட்டிருந்தது கருவி. 'மூணு மணிக்கு முழிப்பு வந்துடும். அப்புறம் விடியற வரைக்கும் ஃபேனை எண்ணிட்டு இருப்பேன். ஒரே ஒரு ஃபேன்தான்.'

'முன்பு பிடித்த விஷயங்களில் இப்போது ஆர்வம் இருக்கிறதா?'

'முன்னெல்லாம் எந்தக் கட்டடத்துக்குள்ள போனாலும் லிஃப்ட் சத்தத்தைக் காது கொடுத்துக் கேப்பேன். எந்த ரோலர் தேஞ்சிருக்குன்னு சொல்லிடுவேன். இப்பக் காதுல விழுந்தாலும் விழாத மாதிரி படியேறிடறேன்.'

நர்ஸ் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

'மனம்விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?'

'பையன் இருந்தான்.'

'அவர் இப்போது எங்கே?'

'நாய்க்கு முடி வெட்டப் போயிட்டான்.'

'மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்.'

'எனக்கும்தாம்மா புரியலை.'

கடைசிக் கேள்விக்கு வந்தாள். 'ஒரு நாள் எந்திரிக்காமலே போயிட்டா யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆயிடாதுன்னு தோணும். அப்புறம் பால் வாங்கணுமேன்னு எந்திரிச்சிடுவேன்.'

"இது அம்மா இல்ல," என்றாள் நர்ஸ். "இது அப்பா."

"ஆம்பளைக் குரலா பொம்பளைக் குரலான்னுகூட இது பார்க்காதா?" என்று டாக்டர் மாப்பிள்ளையைக் கேட்டார்.

"அந்த வசதி..." மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "அடுத்த பதிப்புல வருது."

"அவர் இப்ப எங்க?"

நாற்காலி காலி. சிவப்புக்கு உரியவரைத் தனியாக விடக்கூடாது என்ற விதியின்படி, ஆஸ்பத்திரியே அம்மாவைச் சுற்றிக் காவல் நின்றிருக்க, அப்பாவை யாரும் பார்க்கவில்லை.

காலையில் அம்மாவைப் பார்த்து ஓடியதெல்லாம் ஒரு ஓட்டமே இல்லை. நர்ஸ் வாசலுக்கு ஓடினாள். கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். மாப்பிள்ளை படிக்கட்டுப் பக்கம் ஓடினார். அவள் தாழ்வாரம் திரும்பியதும் மருந்துக் கடை வரிசையிலிருந்து கொல்லென்று ஒரு சிரிப்பு கேட்டது. நடுவே, கையில் டோக்கனோடு அப்பா.

"...நான் ஏத்த இறக்கம் நெறைய பார்த்தவங்க," என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பதினோரு வருஷமாக முகம் பார்த்தே சொல்லிவிடுகிற நர்ஸ், அந்தச் சிரிப்பை இன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தாள். பல் தெரிந்தது. கண் எங்கேயோ இருந்தது.

"என்னம்மா இப்படி மூச்சிரைக்குது? உங்கம்மா யாரையாவது அடிச்சிட்டாளா?"

"அப்பா," என்றாள். வேறு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. "உங்களுக்கு மூணு மணிக்கே முழிப்பு வந்துடுதாப்பா?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. கடைக்காரர் அவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார். இன்னொரு முறை கூப்பிட்டார். அப்பா நகரவில்லை.

"அது வெளிய சொல்லாதுன்னு நெனச்சேன்," என்றார்.

நாலாம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு எல்லாரும் நின்றார்கள். மகள் பாதி சொன்னாள். டாக்டர் மீதி சொன்னார். அப்பா, "சும்மா தமாஷுக்குப் பேசினேன்மா. அது பாட்டுக்குக் கேட்டுச்சு, நான் பாட்டுக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

"தமாஷா?" என்று அம்மா எழுந்து உட்கார்ந்தாள். ஊசியில்லாத கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. "மூணு மணிக்கு நீங்க முழிச்சிருந்தா எனக்குத் தெரியாதா? பக்கத்துலதானே படுத்திருக்கேன்! நான்..."

நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியலையே," என்றாள் மெதுவாக.

அப்பா தரையைப் பார்த்தார். "உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அசையாமப் படுத்திருந்தேன்."

"பெரிய சாதனை. யாரு கேட்டா உங்களை அசையாம இருக்கச் சொல்லி? என்னை எழுப்பறதுக்கென்ன? வாசல்ல காய் விக்கறவன் எழுப்பறான், பூனை எழுப்புது, நீங்க எழுப்பக் கூடாதா?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "இந்தாம்மா பெரியக்கா! என்னைக் காவல் காத்தது போதும். எழுந்து அவர் பக்கத்துல போய் உக்காருங்க."

பெரியக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினார். அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவை மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"மாமா, நான்தான் இதை இங்க கொண்டுவந்தேன். உங்ககிட்ட ஒரு நாளும் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்ல," என்றார் மாப்பிள்ளை.

"நீங்க கேட்டிருந்தா ஜோக் சொல்லியிருப்பேன் மாப்பிள்ளை. அதுகிட்டயும் ரெண்டு சொன்னேன். அது சிரிக்கலை. அடுத்த கேள்வியைக் கேட்டுச்சு," என்றார் அப்பா. "அப்புறம் வேற வழி தெரியலை."

டாக்டர் அவரைப் பக்கத்திலிருந்த சின்ன அறைக்கு அழைத்துப் போனார். கதவு மூடியது. அம்மாவின் இரண்டாவது ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இதயத்தில் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார் டியூட்டி டாக்டர். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷம்.

அப்பா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, கனமான கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தவர்போல்.

"இது வியாதிதான். வைத்தியம் இருக்கு," என்றார் டாக்டர். "இன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். யாராவது கூடவே இருக்கணும். மனசு ரொம்பப் பாரமானா எந்த நேரமானாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு என்னை வந்து பார்க்கணும்." கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு மகனும் வரணும்னு அவர் விரும்பறார்."

மகன் விஷயம் அந்த வீட்டில் பேசக்கூடாத விஷயம். அப்பா வாங்கிக் கொடுத்த லிஃப்ட் கம்பெனி வேலையை ஒன்பதே நாளில் விட்டுவிட்டு, நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் கடை வைக்கப் போகிறேன் என்று வந்து நின்றவன் அவன். "நாய்க்குத் தலை வாரவா உன்னைப் படிக்க வெச்சேன்? அந்தச் சீப்போடவே போயிடு" என்றாள் அம்மா. போய்விட்டான். பதினாலு மாதம் ஆகிறது.

"அவன் நம்பரை மாத்திட்டான்," என்றாள் மகள். "புது நம்பர் எங்கிட்ட இல்ல."

"போனைக் கொடு," என்றாள் அம்மா. வாங்கி, பத்து எண்ணையும் நிறுத்தாமல் அழுத்தினாள்.

மகளும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன பார்க்கறீங்க? அவன் கடை போர்டுல போட்டிருக்கான். பஸ்ஸுல போறப்போ கண்ணுல பட்டுச்சு."

அந்த வழியாக அம்மா போகவேண்டிய பஸ் எதுவும் கிடையாது. யாரும் அதைச் சொல்லவில்லை.

ஐந்தாவது முறை மணி அடித்தபோது அந்தப் பக்கம் போனை எடுத்தார்கள். மூச்சு விட்டால் மனசு மாறிவிடும் என்பதுபோல் அம்மா ஒரே ஓட்டமாகக் கொட்டினாள். "வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்கப்பா டாக்டரைப் பார்க்கணும், நீ கூட இருக்கணுமாம், ஒம்பதே முக்காலுக்கே வந்துடு, சட்டையை உதறிட்டு வா, முடியோட வராதே!"

பதில் சொன்னது ஒரு பெண் குரல்.

"அவர் குளிச்சிட்டு இருக்காருங்க. வந்ததும் சொல்றேன். நீங்க யாரு பேசறீங்க?"

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்தாள். உள்ளங்கையால் மூடினாள்.

"ஒரு பொண்ணு," என்றாள். "'அவர்'ங்கறா. குளிக்கிறாராம். நான் யாருன்னு கேக்கறா."

"சொல்லேன்," என்றாள் மகள்.

"என்னன்னு சொல்றது?" அம்மாவுக்கு ஒரு கேள்விக்குப் பதில் வராமல் போனதை அந்தக் குடும்பம் அதற்கு முன் பார்த்ததில்லை. "வீட்டை விட்டுப் போன்னு சொன்ன அம்மான்னா?"

போன் அவள் கையில், "ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றது.

அப்பா கையை நீட்டினார்.

"இப்படிக் கொடு," என்று வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

"நான் அவனோட அப்பா பேசறேன்மா," என்றார். "நீ யாரும்மா?"